எதிர்த்துப் பேசுவது வேறு, எடுத்துச் சொல்வது வேறு

எந்த வேலை விளம்பரத்தைப் பார்த்தாலும் ‘சிறந்த தொடர்புத் திறன் வேண்டும்’ என்ற வரி தவறாமல் இருக்கும். வேலைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் என் நண்பர்களில் பலர் அதைச் சரளமான ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு மதிப்பெண் கிடைப்பதும் பெரும்பாலும் படைப்புகளுக்குத்தான். கண்ணைப் பார்த்துப் பேசினோமா, குரல் நடுங்கியதா, திரையில் எழுத்து பெரிதாக இருந்ததா என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் போடுவார்கள்.

நான் தாதிமை படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. பாடத்தின் ஒரு பகுதியாக மருத்துவமனை வார்டுகளில் பல வாரங்கள் பயிற்சி பெற்றிருக்கிறேன். அங்கு யாரும் யாருக்கும் படைப்பு செய்து நான் பார்த்ததில்லை. நாள் முழுவதும் நடப்பது இரண்டு, மூன்று வரிப் பேச்சுகள்தான். தொலைபேசியில், நடைவழியில், கட்டில் ஓரத்தில் என்று அவசரமாகப் பேசிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த இரண்டு வரியில் வர வேண்டியது வராமல் போனால், பாதிக்கப்படுவது கட்டிலில் படுத்திருப்பவர்.

‘பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் அது நல்ல பழக்கம்தான். ஆனால், வேலையிடத்தில் மேலதிகாரியிடம் கெட்ட செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டி வரும்போது, அந்தப் பழக்கம் நம்மை மழுப்ப வைக்கிறது. “கொஞ்சம் சரியில்லாத மாதிரி இருக்கிறது”, “நேரம் கிடைத்தால் பாருங்கள்” என்று பணிவாகச் சொல்லி முடிக்கிறோம். கேட்பவருக்கு நம் பணிவு தெரிகிறது. விஷயம் எவ்வளவு அவசரம் என்பது மட்டும் தெரிவதில்லை.

இது தமிழர்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் அன்று.

1990 ஜனவரி 25ஆம் தேதி இரவு, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் சென்ற அவியாங்கா 52 விமானம் மோசமான வானிலையால் மூன்று முறை வானிலேயே வட்டமடித்துக் காத்திருக்க நேர்ந்தது. மொத்தம் ஏறக்குறைய 77 நிமிடங்கள். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. வானொலியில் பேசும் பொறுப்பு துணை விமானியிடம் இருந்தது. முன்னுரிமை தேவை என்று அவர் கேட்டார். முதல் முயற்சியில் தரையிறங்க முடியாமல் விமானம் மேலெழும்பிய பிறகு, அவசரநிலை என்று சொல்லும்படி தலைமை விமானி அவரிடம் கூறினார். துணை விமானியோ, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் கட்டுப்பாட்டாளரிடம் தெரிவித்தார். ‘அவசரநிலை’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. சற்று நேரத்தில் இயந்திரங்கள் நின்றுபோய், விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. அதில் இருந்த 158 பேரில் 73 பேர் மாண்டனர்.

விமானக் குழுவினர் தங்கள் எரிபொருள் நெருக்கடியைக் கட்டுப்பாட்டாளர்களுக்குத் தெளிவாகத் தெரிவிக்கத் தவறியதை, அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விபத்துக்கான காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. எரிபொருள் குறைவைச் சொல்ல, இரு தரப்பும் ஒரே பொருளில் புரிந்துகொள்ளும் சொற்கள் இல்லாததையும் அது சுட்டிக்காட்டியது. அந்தத் துணை விமானிக்கு ஆங்கிலம் பேச வந்தது. சொல்ல வேண்டிய ஒரு சொல்தான் வரவில்லை.

நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வந்த முறை

எங்களுக்கு வகுப்பில் ‘எஸ்பார்’ என்ற ஒரு முறையைக் கற்பிக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்லப் பயன்பட்ட முறை இது. பிறகு கொலராடோவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பு இதை மருத்துவமனைக்கு ஏற்ப மாற்றியது. இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, என்ன செய்ய வேண்டும் என்று நான் கேட்கிறேன் என நான்கு படிகள்.

ஓர் எடுத்துக்காட்டு: “டாக்டர், 12ஆம் கட்டில் நோயாளிக்கு இரத்த அழுத்தம் 88க்கு 50. காலையில் 130க்கு 80 இருந்தது. நேற்று வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று கவலையாக இருக்கிறது. நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்.” சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

மாணவர்கள் மருத்துவரை நேரடியாக அழைப்பதில்லை; மூத்த தாதியிடம்தான் சொல்வோம். அப்போதும் இதே வரிசைதான். முதல் இரண்டு படிகள் எளிது, ஏடுகளைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நான்காவது படிதான் தொண்டையில் சிக்கும். இருபது வயதில், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரிடம் ‘நீங்கள் வந்து பார்க்க வேண்டும்’ என்று எப்படிச் சொல்வது? என் வகுப்புத் தோழிகள் பலருக்கும் இதே தயக்கம். அந்த வரியை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது எனக்கு உதவுகிறது. அறைக்கு வெளியே இருக்கும் அம்மா, நான் யாருடன் பேசுகிறேன் என்று கேட்பார். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மருத்துவமனைக்கு வெளியேயும் இந்த வரிசை பொருந்தும். அலுவலகத்தில் பயிற்சியில் இருக்கும் ஒருவர் மாலை ஆறு மணிக்கு “சாரி, இன்னும் செய்துகொண்டிருக்கிறேன்” என்று மேலாளருக்கு அனுப்பினால், அவரால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. “அறிக்கை இன்று முடியாது. விற்பனைப் பிரிவின் எண்கள் இன்னும் வரவில்லை. நாளைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடலாம் என நினைக்கிறேன். வாடிக்கையாளரிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?” என்று பிற்பகல் இரண்டு மணிக்கே அனுப்பினால், அவருக்கு முடிவெடுக்க நேரம் இருக்கும்.

‘ஓகே’ என்றால் என்ன?

சிங்கப்பூர் வேலையிடங்களில் அதிகம் புழங்கும் சொற்கள் ‘ஓகே’, ‘கேன்’, ‘நோட்டட்’ என்பேன். மூன்றுமே வசதியான சொற்கள். ஆனால் ‘ஓகே’ என்றால் கேட்டுவிட்டேன் என்று பொருளா, புரிந்தது என்று பொருளா, செய்துவிடுகிறேன் என்று பொருளா? ‘நோட்டட்’ இன்னும் மோசம். பார்த்துவிட்டார் என்பது தெரிகிறது. எப்போது செய்வார், செய்வாரா என்பது தெரியாது.

1977 மார்ச் 27ஆம் தேதி டெனரிஃப் தீவில் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதிக்கொண்டதில் 583 பேர் மாண்டனர். புறப்படத் தயாராக இருந்த கேஎல்எம் விமானத்திடம் கட்டுப்பாட்டாளர் ‘ஓகே’ என்று சொல்லிவிட்டு, காத்திருக்கும்படி கூறினார். அதே நொடியில் பான் ஆம் விமானமும் வானொலியில் பேசியதால், ‘ஓகே’ என்பதற்குப் பிறகு வந்தது இரைச்சலில் தெளிவாகக் கேட்கவில்லை. அந்த விபத்துக்குக் காரணங்கள் பல உண்டு. பனிமூட்டமும் அவற்றுள் ஒன்று. எனினும், அதன் பிறகு வானொலிச் சொற்கள் இறுக்கப்பட்டன. விமானம் புறப்பட அனுமதி அளிக்கும்போதும் அதை இரத்து செய்யும்போதும் தவிர, ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லையே இப்போது பயன்படுத்துவதில்லை.

வார்டில் இதற்கு இணையானது, கேட்டதைத் திரும்பச் சொல்வது. ஆய்வுக்கூடத்திலிருந்து தொலைபேசியில் ஒரு முடிவு வந்தால், எழுதிக்கொண்டு, அதைத் திரும்பப் படித்துக் காட்டி, அவர் ‘ஆம்’ என்ற பிறகே தொலைபேசியை வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் காதில் ஒன்றுபோல் விழும் என்பதால், ‘ஒன்று, ஐந்து’ என இலக்கம் இலக்கமாகச் சொல்வோம். (தமிழில் பதினைந்தும் ஐம்பதும் குழம்பவே குழம்பாது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.)

மூத்தவர் சொல்வது சரியில்லை என்று தோன்றினால் என்ன செய்வது? அதற்கும் படிகள் இருக்கின்றன. முதலில் ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். பலன் இல்லையென்றால் ‘இது எனக்குச் சரியாகப் படவில்லை’. அப்போதும் கேட்காவிட்டால் ‘இது நோயாளியின் பாதுகாப்பைப் பற்றியது’. இந்த மூன்றிலும் ‘நீங்கள் தவறு செய்கிறீர்கள்’ என்ற குற்றச்சாட்டு இல்லை என்பதைக் கவனியுங்கள். எதிர்த்துப் பேசுவது வேறு, எடுத்துச் சொல்வது வேறு என்று தமிழிலேயே இரண்டு சொற்கள் இருக்கின்றன. நமக்குத் தேவைப்படுவது இரண்டாவது.

எல்லாப் பொறுப்பையும் இளையர் தலையில் கட்டுவது நியாயமில்லை. கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் மேற்பார்வையாளரிடம் யாரும் இரண்டாவது முறை கேட்க மாட்டார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2008ல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தியை வைப்பதற்கு முன் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஒரு முறை வாய் திறந்தவருக்கு மறுமுறை வாய் திறப்பது எளிது. வேலையில் சேரும் முதல் நாளே பெயர் சொல்லி அறிமுகம் செய்துவைக்கும் முதலாளிகள் இதை அறிந்தவர்கள்.

பாட்டியின் ‘பரவாயில்லை’

இருமொழி தெரிந்தவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நம் மூத்தோர் பலர் இன்னும் தாதியை ‘மிஸ்ஸி’ என்றுதான் அழைப்பார்கள். அவர்களிடம் வலியைச் சுழியத்திலிருந்து பத்துக்குள் சொல்லச் சொன்னால், பாதிப் பேர் சிரிப்பார்கள். ஒரு தமிழ்ப் பாட்டியிடம் “வலிக்குதா பாட்டி?” என்று கேட்டேன். “பரவாயில்லம்மா, நீ போய் மத்தவங்களப் பாரு” என்றார். என்ன சொன்னார் என்று, தமிழ் தெரியாத மூத்த தாதி கேட்டார்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வலி இல்லை என்றாகிவிடும். அதனால் பாட்டியிடம் வேறு விதமாகக் கேட்டேன். நேற்று இரவு தூங்கினீர்களா? கஞ்சி ஏன் அப்படியே இருக்கிறது? இந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிகிறதா? பிறகு மூத்த தாதியிடம், “பரவாயில்லை என்கிறார். ஆனால் இரவு தூங்கவில்லை, காலையிலிருந்து சாப்பிடவில்லை, இடப்பக்கம் திரும்ப முடியவில்லை. வலி அதிகம் என்று நினைக்கிறேன். மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்க முடியுமா?” என்றேன். அவர் அங்கேயே நின்று குறித்துக்கொண்டு, நான் சொன்னதைத் திரும்ப ஒரு முறை சொல்லிச் சரிபார்த்துவிட்டு, தொலைபேசியை எடுத்தார்.