உங்களுக்குத் தெரியுமா? தடுப்பாட்டத்தின் தகரத் தூக்குவாளி

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் தடுப்பாட்டப் பயிற்சியாளராக இருந்தவர் பட் ஃபாஸ்டர். 1987இல் தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் பீமருடன் வந்தவர், 2019 வரை அங்கேயே இருந்தார். நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது 2006இல் அவருக்குக் கிடைத்தது.

அவரைவிடப் பிரபலம் அவருடைய தூக்குவாளி! நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி சோறு கொண்டுபோகும் வகை. நசுங்கிய பழைய தகரம். 1995 முதல் தடுப்பாட்ட வீரர்கள் அதை மைதானத்துக்குச் சுமந்தார்கள். தினமும் வேலைக்குப் போகிறவனைப் போல உழைத்து ஆட வேண்டும் என்பது அதன் பொருள். 2007 ஏப்ரலில் அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 32 பேர் பலியானார்கள். அடுத்து வந்த ஆட்டப் பருவத்தில் அவர்களின் பெயர்கள் அந்த வாளிக்குள் இருந்தன.