யாரும் இறங்கத் தேவையில்லாத தொட்டி

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் திறக்காத செப்டிக் டேங்க் ஒருநாள் பொங்கி வழியும். கழிவுநீர் லாரி வரும். குழாயை உள்ளே விட்டு மோட்டாரைப் போட்டால் மேலே நிற்கும் தண்ணீர் மட்டும் ஏறும். அடியில் இறுகிப்போன கசடு அசையாது. "ஒரு ஆள் இறங்கிக் கலக்கிவிட்டா மொத்தமும் வந்துடும் சார், கொஞ்சம் கூடக் குடுத்தா போதும்" என்று யாராவது சொல்வார்கள். ஆபத்து அந்தப் பேச்சில் தொடங்குகிறது. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கி இறந்தவர்களைப் பற்றி ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தந்த பதில்களில், 1993 முதலான கணக்கில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்திருக்கிறது. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்வரிசையில் நிற்கும் மாநிலத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

அந்த மனிதர் உள்ளே இறங்க நேர்வது லாரி வந்த நாளில் முடிவாவதில்லை. தொட்டியை எப்படிக் கட்டினோம், எத்தனை ஆண்டு திறக்காமல் விட்டோம் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. ஆகவே வீட்டுக் கழிவுநீருக்கு எந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: எந்தக் காலத்திலும் ஒருவர் உள்ளே போகாமலே சுத்தம் செய்ய முடிகிற அமைப்பாக அது இருக்க வேண்டும்.

தொட்டிக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். கழிவு உள்ளே வந்ததும் கனமானது அடியில் படிகிறது, எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கிறது, நடுவில் இருக்கும் நீர் வெளியேறுகிறது. காற்றில்லாத அந்த இருட்டில் நுண்ணுயிரிகள் கசடைச் செரிக்கும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். பத்து லட்சம் பங்கு காற்றில் அது 100 பங்கை எட்டும்போது மூக்கு மரத்துப்போய், நாற்றமே தெரியாமல் போகும். "வாடை இல்லை, இறங்கலாம்" என்று நினைக்கும் அந்த நேரம்தான் மிக ஆபத்தானது. அளவு இன்னும் கூடினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். கசடைக் கலக்கும்போது அதில் சிறைப்பட்டிருந்த வாயு மொத்தமாக வெளியேறுகிறது. முகத்தில் துண்டு கட்டுவதால் பயனில்லை. தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது மீத்தேனைப் பற்றவைக்கும். விழுந்தவரைக் காப்பாற்ற அடுத்தவர், அவரைக் காப்பாற்ற இன்னொருவர் என்று ஒரே தொட்டியில் அண்ணன் தம்பிகள் இறந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஒருவர் உள்ளே மயங்கிவிட்டால் எவரும் குதிக்கக் கூடாது. 112-க்கோ 101-க்கோ அழைத்து, மூச்சுக்கருவியோடு வரும் தீயணைப்புப் படையினர் மீட்கட்டும்.

இனி தொட்டிக்கு வருவோம். "பெருசா கட்டிட்டா இருபது வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்" என்று மேஸ்திரி சொல்வார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்; ஆனால் தவறான யோசனை. பத்தடி நீளம், ஆறடி அகலம், எட்டடி ஆழம் என்று கட்டினால் 13,000 லிட்டருக்கு மேல் கொள்ளும். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு அது தேவையே இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 2470 விதிமுறை ஐந்து பேருக்குச் சொல்லும் அளவு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீராழம். அதாவது ஆயிரத்துச் சொச்சம் லிட்டர். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுப்பார்கள் என்ற கணக்கில் போட்ட அளவு அது. இருபது ஆண்டு கிடந்த கசடு களிமண்ணாக இறுகிவிடும். பெரிய தொட்டி வேலையைக் குறைப்பதில்லை; உங்களுக்குப் பிறகு வருகிற ஒருவர் தலையில் அதை ஏற்றுகிறது.

அளவைவிட முக்கியமானது அடித்தளம். நம் ஊர்களில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுபவற்றில் பல, அடியில் கான்கிரீட் போடாமல் சிமெண்ட் உறைகளை இறக்கிய வெறும் குழிகள். தண்ணீர் மண்ணுக்குள் போய்விடுவதால் "நிரம்பவே இல்லை" என்று வீட்டுக்காரர் மகிழ்வார். அது பக்கத்து வீட்டுக் கிணற்றில் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும். முறையான தொட்டிக்கு அடியும் சுவரும் கசியாமல் பூசப்பட்டிருக்க வேண்டும். 2,000 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டி என்றால் மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் குறுக்குச் சுவர் வேண்டும். நீர் உள்ளே வரும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் டி வடிவக் குழாய் இருந்தால்தான் மேலாடை கலங்காது, கசடு தப்பி ஓடாது. ஒவ்வொரு அறைக்கு மேலும் தனித்தனி மூடி வேண்டும். காற்றுக் குழாயின் வாயில் கொசுவலை கட்டாயம். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு இந்தத் தொட்டிகளில் தாராளமாகப் பெருகும்.

மூடிக்கு மேல் டைல்ஸ் ஒட்டுவது, அதன்மேல் படிக்கட்டோ கார் நிறுத்துமிடமோ கட்டுவது எல்லாம் இன்று சர்வசாதாரணம். மூடி எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாத தொட்டியை யாரும் நேரத்துக்குத் திறக்க மாட்டார்கள். தெருவில் நிற்கும் லாரியின் குழாய் எட்டுகிற இடத்தில் தொட்டி இருக்கட்டும்.

தொட்டியிலிருந்து வரும் நீர் சுத்தமானது என்று பலர் நம்புகிறார்கள். செப்டிக் டேங்க் கழிவின் வீரியத்தில் ஒரு பகுதியை மட்டுமே குறைக்கிறது. வெளியேறும் நீரில் நோய்க்கிருமிகள் நிறைந்திருக்கும். அதை உறிஞ்சுகுழிக்கு விட வேண்டும். குடிநீர்க் கிணற்றிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் குறைந்தது 18 மீட்டர் தள்ளி உறிஞ்சுகுழி அமைய வேண்டும் என்கிறது அதே விதிமுறை. இரண்டு சென்ட் மனையில் அத்தனை தூரம் எங்கே கிடைக்கும்? அதனால்தான் பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைக்கும் தெருவில் தொட்டியை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. இணைப்பு இல்லாத இடங்களில், காவிரிப் படுகை போல நீர்மட்டம் மேலேயே நிற்கும் ஊர்களில், உறிஞ்சுகுழி வேலை செய்யாது. அங்கே கசியாத தொட்டியோடு பல தடுப்பறைகளைச் சேர்த்து, கடைசியில் கல்வாழையோ நாணலோ வளர்த்த சரளைப் படுகை வழியாக நீரை வடியவிடலாம். கிராமத்தில், நீர்மட்டம் ஆழத்தில் இருந்து இடமும் இருந்தால், இரட்டைக் குழி முறையே எனக்கு முதல் தேர்வு. ஒரு குழி நிரம்பியதும் மற்றதற்கு மாற்றிவிட்டு, முதல் குழியை ஒன்றரை ஆண்டு ஆறவிட்டால், உள்ளே இருப்பது நாற்றமில்லாத உலர்ந்த எருவாகிவிடும். நச்சுவாயுவுக்கும் லாரிக்கும் அங்கே வேலை இல்லை.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று. கழிவே சேராத புதுத் தொட்டியிலும் ஆட்கள் இறக்கிறார்கள். மேல்தளம் போட்டு மூடிய தொட்டியில் மழைநீர் தேங்கி, சென்ட்ரிங் பலகைகள் அழுகி, உள்ளிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. சில வாரம் கழித்துப் பலகையைப் பிரிக்க இறங்குபவர் மயங்கி விழுகிறார். தரையில் வார்த்து எடுத்த பலகைக் கற்களை மேலே அடுக்கி மூடினால் சென்ட்ரிங்கே தேவைப்படாது. இதை மேஸ்திரியிடம் பேசி முடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

பராமரிப்பு இதைவிடச் சுலபம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, வழிகிறதோ இல்லையோ, லாரியை அழைத்துவிடுங்கள். தேதியை மின்கட்டண அட்டையில் குறித்து வைத்தால் மறக்காது. அடியில் ஓரிரு அங்குலக் கசடை விட்டுவைக்கலாம். புதிய கழிவைச் செரிக்க அதிலுள்ள நுண்ணுயிரிகள் உதவும். தொட்டியைக் கழுவிப் பளிச்சென்று ஆக்க வேண்டியதே இல்லை, அதற்காக ஆளை இறக்கவும் வேண்டியதில்லை. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறையில் கொட்டிக்கொண்டே இருந்தால் அந்த நுண்ணுயிரிகள் சாகும். நாப்கின், டயப்பர், சமையல் எண்ணெய், மழைநீர் எதுவும் தொட்டிக்குப் போகக் கூடாது. போட்டால் கசடே கரைந்துவிடும் என்று விற்கும் பொடிகள், கசடு எடுக்கும் வேலையை நீக்கிவிடாது.

லாரியை அழைக்கும்போது 14420 என்ற எண்ணை முயலுங்கள். கழிவுநீர், செப்டிக் டேங்க் சுத்திகரிப்புக்கான உதவி எண் அது. இந்த லாரிகள் உள்ளாட்சியிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள். கசடு மேலாண்மைக்கென 2014-லேயே தமிழக அரசு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. கருங்குழி போன்ற பேரூராட்சிகளில் கசடைச் சுத்திகரிக்கத் தனி நிலையங்கள் இயங்குகின்றன. ஏரிக்கரையில் இரவோடு இரவாகக் கொட்டும் லாரிக்குக் கொடுக்கும் பணம், நம் குடிநீரைக் கெடுக்க நாமே கொடுக்கும் கூலி.

சட்டம் வீட்டுக்காரரையும் விட்டுவைக்கவில்லை. மனிதர்களைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, உரிய பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கக் கூடாது என்கிறது. நேரடியாக அமர்த்தினாலும் மறைமுகமாக அமர்த்தினாலும் குற்றமே. முதல் முறை 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகும். பிணையில் வர இயலாத குற்றம் இது. "அவரே ஒத்துக்கிட்டுத்தான் இறங்கினார்" என்ற சமாதானம் காப்பாற்றும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

பக்கத்து வீட்டுத் தொட்டி தெருவுக்கு வழிந்தாலோ, மழைநீர் வடிகாலில் திருட்டு இணைப்பு கொடுத்திருந்தாலோ, முதலில் உள்ளாட்சிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முதல்வரின் உதவி எண் 1100-லும் பதியலாம். என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். கிணற்று நீரில் சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதித்து, அந்த அறிக்கையைப் புகாரோடு இணையுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, ஈ.கோலை கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. உள்ளாட்சி அசையாவிட்டால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவுதான் இது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகர மக்கள் திறந்த சாக்கடைக்கு எதிராக இதைத்தான் பயன்படுத்தினார்கள். பணமில்லை என்று கைவிரித்த நகராட்சியின் வாதத்தை 1980-ல் உச்ச நீதிமன்றம், நீதிபதி கிருஷ்ணய்யரின் தீர்ப்பில் ஏற்க மறுத்தது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் காற்றூதி இயங்கும் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், மின்சாரச் செலவை மிச்சம் பிடிக்க அதை இரவில் நிறுத்துகிறார்களா என்று சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். காற்று நின்றால் நுண்ணுயிரிகள் சாகும், சுத்திகரிப்பு பெயரளவில்தான் இருக்கும். வேலைத்தரத்தில் குறை இருந்தால், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் தெரிவித்தால், கட்டுநர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் உயிர் போய்விட்டால், அந்தக் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபர் 20-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பிழைக்க வழியில்லாமல் ஆக்கும் நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது. பல குடும்பங்களுக்கு இது தெரியாது. ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து விஷயத்தை முடிக்கப் பார்ப்பார்கள். எதிலும் கையெழுத்துப் போடும் முன், முதல் தகவல் அறிக்கையில் வெறும் "சந்தேக மரணம்" என்று இருக்கிறதா, 2013 சட்டத்தின் பிரிவுகள் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இறந்தவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்கிறதா என்று கேட்க வேண்டும். சேர்க்க மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கும், 2013 சட்டத்தின்படி மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் தலைவராக இருக்கும் ஆட்சியருக்கும் மனு கொடுக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தகுதியுள்ளவர்களுக்கு இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தரும். 15100 என்ற எண்ணில் அதைக் கேட்டுப் பெறலாம்.