தேடுபொறியும் வணிகமும்

கடைவீதியில் உள்ள கடைக்கு அவ்வழியே செல்வோரும் வாடிக்கையாளராவர். இணையத்தில் திறக்கப்படும் கடைக்கு அவ்வாறு வழிப்போக்கர் வாய்ப்பதில்லை. முகவரியை அறிந்து நேரே வருவோர், பிற தளங்களின் இணைப்பு வழியாக வருவோர், சமூக ஊடகங்கள் வழியாக வருவோர், தேடுபொறி வழியாக வருவோர் என அதன் வருகையாளர்களை நால்வகைப்படுத்தலாம். இவர்களுள் தேடுபொறி வழியாக வருவோர், தமக்கு வேண்டியதைத் தாமே சொல்லித் தேடுபவர்கள். ஆதலால் வணிகர் அவர்களைப் பெரிதும் விரும்புகின்றனர்.

தேடல் முடிவுகளில் இடம்பெற இருவழிகள் உண்டு. ஒன்று, தகுதியால் பெறுவது. 1998ஆம் ஆண்டு கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும், ஒரு பக்கத்தைச் சுட்டும் பிற பக்கங்களின் எண்ணிக்கையையும் மதிப்பையும் கொண்டு அதனை வரிசைப்படுத்தும் முறையை வகுத்தனர். மற்றொன்று, விலைக்குப் பெறுவது. தேடுசொல்லுக்கு வணிகர்கள் ஏலத்தில் விலை கூறுவர். பயனர் விளம்பரத்தைச் சொடுக்கும்போது கட்டணம் செலுத்துவர். விலையோடு விளம்பரத்தின் பொருத்தமும் அங்குக் கருதப்படும்.

பணம் நின்றால் விளம்பரமும் நின்றுவிடும். தகுதியால் பெற்ற இடமோ உடனே மறைவதில்லை. எனினும் அதுவும் என்றும் நிலைப்பதன்று. 2011ஆம் ஆண்டு ‘பாண்டா’ என்னும் மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. அதனால் பயன் குறைந்த உள்ளடக்கம் மிகுந்த தளங்கள் பின்தள்ளப்பட்டன. தேடுபொறியை மட்டுமே நம்பியிருந்த தளங்கள் வருகையாளர்களை இழந்தன.

தேடுபொறியின் விதிகளை வகுப்பவர் வணிகர் அல்லர். எனவே பல வழிகளையும் பேணுவதே அறிவுடைமை. ஒருமுறை வந்தவர் பெயரை நினைவில் வைத்து மறுமுறை நேரே வருவாராயின், அவ்வழி ஒன்றே வணிகர்க்கு உரியதாகும். அதனை ஈட்டித் தருவது நேர்மையான பொருளும் சேவையுமே.