மண்டபச் சாவி யார் கையில்?

என் தங்கை கல்யாணத்தில் ஒரு பாடம் படித்தேன். மாப்பிள்ளை யாராக இருந்தாலும் சரி, புரோகிதர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி... மண்டபத்தைப் பிடித்தவர் வைத்ததுதான் சட்டம்!

எங்கள் மண்டபம் சித்தப்பா ஏற்பாடு. வாசலில் பார்த்தால், தங்கை பெயரைவிடப் பெரிய எழுத்தில் அவருடைய சைக்கிள் கடை பேனர். "என்ன சித்தப்பா இது?" என்று கேட்டதற்கு, "செலவு பண்றவன் கொஞ்சம் விளம்பரம் பண்ணிக்கக் கூடாதாடா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. ஸ்டோர் ரூம் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

அதிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஐ.நா.வின் பருவநிலை மாநாடு பற்றிச் செய்தி வந்தால், தலைவர்கள் என்ன பேசினார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், 'எந்த மண்டபம், யார் பேனர்?' என்றுதான் பார்ப்பேன். ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பர் சிரிப்பார். "உலகமே சூடாகுதுன்னு பேசறாங்க, நீ பந்தலை அளக்கறியே!"

அளக்கத்தான் வேண்டும் சார். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இந்த மாநாடு ஐ.நா.வின் பிராந்தியக் குழுக்களிடையே முறை வைத்துச் சுற்றும். நடத்துகிற நாடு ஐ.நா.வுடன் ஓர் ஒப்பந்தம் போடும். பேச்சுவார்த்தை நடக்கும் வளாகத்துக்குள் ஐ.நா. சட்டம், ஐ.நா. காவலர்கள். வேலிக்கு வெளியே வந்தால் அந்த நாட்டு போலீஸ், அந்த நாட்டுச் சட்டம். எந்த ஊர், எந்தக் கட்டடம், யார் ஸ்பான்ஸர், வாசலில் என்ன அலங்காரம்... இதிலெல்லாம் சித்தப்பா ராஜ்யம்தான்!

போலந்தைப் பாருங்கள். 2008-ல் போஸ்னான், 2013-ல் வார்ஸா, 2018-ல் காட்டோவிட்ஸே என்று ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை, பத்தே வருஷத்தில் மூன்று மாநாடுகள். இத்தனைக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை நிலக்கரியை எரித்தே எடுத்துக் கொண்டிருந்த நாடு. மதுவிலக்கு மாநாட்டுக்கு ஒயின் ஷாப்காரர் பந்தல் போட்டுக் கொடுத்த மாதிரி!

வார்ஸாவில் மாநாடு நடந்தது தேசிய ஸ்டேடியத்தில். 2012 ஐரோப்பிய கால்பந்துப் போட்டிக்காகக் கட்டியது. ஸ்பான்ஸர்கள் பட்டியலில் அரசின் மின்சாரக் கம்பெனி, எண்ணெய்க் கம்பெனி, எஃகுக் கம்பெனி. அதோடு விட்டார்களா? மாநாட்டின் இரண்டாவது வாரத்தில், அதே ஊரில், பொருளாதார அமைச்சகத்தின் கட்டடத்திலேயே உலக நிலக்கரித் தொழிலதிபர்களின் உச்சி மாநாடு! ஒரே ஊரில் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம்.

அந்த நிலக்கரி மேடைக்கு ஐ.நா. பருவநிலைச் செயலகத்தின் தலைவி கிறிஸ்டியானா ஃபிகரெஸும் போனார். போகக் கூடாது என்று பலர் சண்டை போட்டார்கள். போனவர், பூமிக்கடியில் இருக்கும் நிலக்கரியில் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். சாப்பிட வந்த இடத்தில் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

அதே வாரம், மாநாட்டுக்குத் தலைமை வகித்த போலந்து சுற்றுச்சூழல் அமைச்சர் மார்சின் கோரோலெட்ஸின் அமைச்சர் பதவி, மாநாடு நடந்து கொண்டிருக்கும்போதே பறிபோனது! தலைமை நாற்காலியில் மட்டும் தொடர்ந்தார். மறுநாள் நூற்றுக்கணக்கான தன்னார்வத் தொண்டர்கள் ஸ்டேடியத்தை விட்டு வெளிநடப்பு செய்தார்கள்.

இதெல்லாம் சிரிப்பாக இருக்கலாம். ஆனால், மாநாடு தொடங்குவதற்குச் சில நாள் முன்னால்தான் ஹையான் புயல் பிலிப்பைன்ஸில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றிருந்தது. அந்நாட்டுப் பிரதிநிதி யெப் சானோ, உருப்படியான முடிவு வரும்வரை சாப்பிட மாட்டேன் என்று அந்த ஸ்டேடியத்தில்தான் உண்ணாவிரதம் இருந்தார். ஒரே ஊரில் பட்டினி கிடந்து பேசியவர் ஒருவர். நிலக்கரி விற்கப் பேசியவர்கள் பலர்.

2018-ல் காட்டோவிட்ஸே. நிலக்கரிப் பிரதேசத்தின் தலைநகர். மாநாட்டு மையமே பழைய சுரங்கம் இருந்த நிலத்தில் எழுந்தது. பக்கத்தில் பறக்கும் தட்டு போல ஸ்போடெக் அரங்கம். ஊர்க் காட்சிக்கூடத்தின் சுவரில் நிலக்கரி, நிலக்கரியில் செய்த சோப்பு, நகை! எங்களிடம் 200 வருஷத்துக்கு நிலக்கரி இருக்கிறது என்கிற ரீதியில் ஜனாதிபதி டூடா பேசினார். ஸ்பான்ஸர்களில் ஒன்று, நிலக்கரிக் கம்பெனி.

வேலிக்கு வெளியே? முன்கூட்டியே அறிவிக்காத ஆர்ப்பாட்டங்களுக்கு மாநாடு முடியும்வரை அந்த ஊரில் தடை; இதற்காகவே தனிச் சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சில தொண்டர்களை நாட்டுக்குள்ளேயே விடவில்லை. உள்ளே நிலக்கரிக்கு வரவேற்பு, வெளியே மனுஷனுக்குத் தடை. சாவியின் மகிமை!

ஆனால் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். பரம்பரை பரம்பரையாகச் சுரங்கத்தில் இறங்கியவனிடம் போய், "நாளையிலிருந்து வராதே" என்று சொன்னால் அவன் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? சம்பளத் தேதியை எதிர்பார்த்து வாழ்கிற நமக்கு இது புரியும். தொழிலாளியைத் தெருவில் விடாமல் மாற வேண்டும் என்று ஒரு பிரகடனத்தையும் போலந்து அங்கே வெளியிட்டது. பாரிஸ் ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் விதிமுறைகள் முடிவானதும் அந்த மண்டபத்தில்தான். அதை வெறும் விளம்பர மேடை என்று தள்ளிவிட முடியாது.

வேடிக்கை என்னவென்றால், 200 வருஷக் கணக்கு சொன்ன அதே போலந்தில் 2024-ல் நிலக்கரி மின்சாரம் 60 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பேனரை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் காற்று அதன் போக்கில்தான் அடிக்கும்.

பக்கத்து ஸீட்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரிப்பா, அடுத்த மண்டபம் எங்கே?" என்றார்.

2026 மாநாட்டை நடத்த துருக்கி, ஆஸ்திரேலியா இரண்டும் மல்லுக்கட்டின. 2025-ல் பிரேஸிலின் பெலெம் நகரில் பஞ்சாயத்து முடிந்தது. மண்டபம் துருக்கியின் அன்டாலியாவில். பேச்சுவார்த்தைக்குத் தலைமை ஆஸ்திரேலியா!

நண்பர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப ஸ்டோர் ரூம் சாவி யார்கிட்ட?"

எங்க சித்தப்பாவைத்தான் கேட்க வேண்டும்.