மனச்சோர்வும் நீரிழிவும்: எச்ஐவி உள்ளோரிடமும் இல்லாதோரிடமும்

மனச்சோர்வு என்பது ஓரிரு நாள் வருத்தமன்று. குறைந்தது இரண்டு வாரங்களேனும் நீடித்து, உறக்கம், பசி, ஊக்கம் ஆகியவற்றைக் குலைக்கும் நோயான அது, இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது என்பதை, பல ஆய்வுகளைத் தொகுத்து 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் வெளியான மதிப்பீடுகள் முறையே 37, 60 விழுக்காடு எனக் கணித்துக் காட்டின. நெடுநாள் மன அழுத்தத்தில் மிகுதியாகச் சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன், கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றுவதோடு, அதை உயிரணுக்களுக்குள் செலுத்தும் இன்சுலினின் வேலையையும் மட்டுப்படுத்துகிறது. நடமாட்டம் குறைவதும், சில மனச்சோர்வு மருந்துகளால் எடை கூடுவதும் இதனுடன் சேர்கின்றன.

எச்ஐவி உள்ளோரிடம் மனச்சோர்வு பிறரைவிடப் பரவலாகக் காணப்படுவதுடன், சிகிச்சையால் வைரஸ் அடங்கிய பின்னும் உடலில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியும், ஸ்டாவுடின், சிடோவுடின் போன்ற பழைய மருந்துகள் கொழுப்புத் திசுவில் விளைவித்த மாற்றங்களும் கூடுதல் சுமையாகின்றன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை அவர்களிடம் உண்மை அளவைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரைச் சோதனையையே பரிந்துரைக்கிறது. மனச்சோர்வை அறிய உதவும் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9 படிவத்தில், மொத்தம் 27 மதிப்பெண்ணுக்கு 10 எட்டினாலே மருத்துவர் மேலும் ஆராய்வது வழக்கமாதலால், அந்நிலையில் உள்ளவர்க்குச் சர்க்கரைச் சோதனையையும் சேர்த்துச் செய்வது, எச்ஐவி இருப்பினும் இல்லாவிடினும், பயன் தரும்.