மார்கழியும் மனத்தின் குடும்பமும்

பி.எஸ்சி., இரண்டாம் ஆண்டு (இயற்பியல்)

மணிவாசகர் பிறந்த திருவாதவூர் எங்கள் ஊர். மார்கழி பிறந்தால் விடியுமுன்பே திருவெம்பாவை காதில் விழும். வாசல்தோறும் கோலம் மலரும். சென்ற மார்கழியில் நான் மட்டும் போர்வைக்குள் முடங்கிக் கிடந்தேன். துணைப்பாடமான கணிதத்தில் தோல்வி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் சொல்ல நா எழவில்லை.

குளிர்காலத்தில் மனம் சோர்வதற்கு அறிவியல் ஒரு விளக்கம் தருகிறது. நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் 1984-இல் பருவகால மனச்சோர்வைப் பற்றி எழுதினர். பகல் குறுகும்போது உடலின் உட்கடிகாரம் தடுமாறுவது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. டிசம்பர் இறுதியில் இலண்டனில் பகல் 8 மணி நேரத்திற்கும் குறைவு. மதுரையிலோ அப்போதும் ஏறத்தாழ 11½ மணி நேரம் வெளிச்சம் உண்டு. ஆகவே என் சோர்வுக்குச் சூரியன்மீது பழி போட வழியில்லை. சண்டை உள்ளே நடந்தது.

அந்த உட்சண்டையைத் தீர்க்கவே ஒரு சிகிச்சை முறை இருப்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். ரிச்சர்டு சுவார்ட்சு என்ற அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் 1980-களில் அதை உருவாக்கினார். மனம் ஒரே குரலன்று. பலர் வாழும் கூட்டுக் குடும்பம் என்பது அவர் கருத்து. கண்டித்துக் காவல் காப்பது ஒரு பகுதி. வலி மிகும்போது உறக்கத்திலோ கேளிக்கையிலோ நம்மைத் தள்ளி நெருப்பை அணைக்க முயல்வது இன்னொன்று. இவ்விரண்டும் மறைத்து வைத்திருப்பது பழைய காயத்தோடு ஒதுங்கி நிற்கும் பகுதி. எதுவும் பகையன்று. இவற்றுக்கு நடுவே தெளிந்த 'நான்' ஒருவன் இருக்கிறான்; அவனே ஒவ்வொன்றையும் கேட்டறிய வேண்டும். மனத்தை எதிரில் நிறுத்திப் பேசுவது நமக்குப் புதிதன்று. திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்றே ஓர் அதிகாரம் உண்டல்லவா?

நானும் பேசிப் பார்த்தேன். "உனக்கெதற்குப் படிப்பு?" என்று ஏசிய குரலிடம், "எதற்கு அஞ்சுகிறாய்?" என்று கேட்டேன். "அம்மா தலைகுனிவாளே" என்றது. "போர்த்திக்கொண்டு படு" என்ற குரல், அந்த ஏச்சிலிருந்து என்னைக் காக்கவே வந்தது. இரண்டுக்கும் பின்னால் ஒரு சிறுவன் நின்றான். பள்ளிப் படிவத்தில் தந்தையின் கல்வித் தகுதி என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியபோது, பக்கத்திலிருந்தவர் சிரிக்கக் கூசிய சிறுவன். "அது உன் குற்றமன்று" என்று அவனிடம் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

அன்று மாலையே அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "திரும்ப எழுத எவ்வளவுப்பா கட்டணும்?" என்று மட்டுமே கேட்டார்.

இம்முறையைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் குறைவே. பழைய காயம் ஆழமானதாயின் தனியே கிளறாமல் பயிற்சி பெற்றவரோடு பேசுவதே நல்லது. சோர்வு இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தாலும், உயிரை மாய்க்கும் எண்ணம் ஒருமுறை எழுந்தாலும் மருத்துவரை நாட வேண்டும். 2022-இல் நடுவண் அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

திருவெம்பாவைப் பெண்கள் உறங்கும் தோழியை விட்டுவிட்டுப் போவதில்லை. அவள் வாசலில் நின்று அழைக்கிறார்கள். நண்பர்களே, நமக்குள் சுருண்டு கிடப்பவரையும் அப்படியே அழைப்போம்.