துயருற்ற ஆட்டக்காரனும் துணைநிற்கும் குழுவும்



கல்லூரியில் பயின்ற நாளில் நான் கால்பந்துக் குழுவின் தலைவனாக இருந்தேன். எங்கள் குழுவின் கோல் காவலன் மிகவும் கலகலப்பானவன். போட்டிகள் நெருங்கியிருந்த வேளையில் அவனுடைய தந்தையார் திடீரெனக் காலமானார். அவன் ஊருக்குச் சென்றான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின் திரும்பி வந்தான். அன்று மாலை திடலில் நாங்கள் அனைவரும் எப்போதும்போல் பந்தை உதைத்து ஆடினோம். அவன் தந்தையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேசினால் அவன் மனம் புண்படும் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

பல ஆண்டுகள் கழிந்த பின் ஒரு திருமண வீட்டில் அவனைக் கண்டேன். பழங்கதைகளைப் பேசிக்கொண்டிருக்கையில் அவன் மெல்லச் சொன்னான்: “அன்று உங்களில் ஒருவராவது அப்பாவைப் பற்றிக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவருமே கேட்கவில்லை. அவர் இறந்த செய்தி உங்களுக்கு எட்டவில்லையோ என்றுகூட நினைத்தேன்.” அச்சொற்கள் இன்றும் என் நெஞ்சில் முள்ளாய் உறுத்துகின்றன. ஆதலின், தாயையோ தந்தையையோ இழந்த ஓர் ஆட்டக்காரனுக்கு அவனுடைய குழுவினரும், பயிற்சியாளரும், எதிர்த்து ஆடுவோரும், காண வந்திருப்போரும் எவ்வாறு துணைநிற்கலாம் என்பதை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் துயரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பெற்றோரை இழந்தவர் எந்நேரமும் அழுதுகொண்டே இருப்பார் என்றும், அழாதவருக்குத் துயரமில்லை என்றும் பலர் கருதுகின்றனர். இரண்டும் தவறு. நெதர்லாந்து நாட்டின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்குட் என்னும் உளவியல் அறிஞர் இருவர் 1999ஆம் ஆண்டில் இது பற்றி ஒரு கருத்தை வெளியிட்டனர். துயருற்ற மனம் ஊசலைப் போன்றது; ஒரு நேரம் இழப்பை நோக்கிச் சென்று அதிலேயே ஆழ்ந்திருக்கும்; மற்றொரு நேரம் அன்றாடக் கடமைகளை நோக்கித் திரும்பும்; இவ்வாறு மாறி மாறிச் செல்வதே மனம் தேறும் வழி என்பது அவர்கள் கூறியதன் சாரம். காலையில் கண்ணீர் விட்டவன் மாலையில் பந்தைத் துரத்திச் சிரிப்பதும், சிரித்தவன் அன்றிரவே உறக்கமின்றித் தவிப்பதும் இயல்பே. இதை அறிந்த குழு அவனுடைய சிரிப்பைக் கண்டு வியப்பதில்லை. அவனுடைய கண்ணீரைக் கண்டு அஞ்சுவதுமில்லை.

அதே 1999ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கிரிக்கெட் உலகக் கோப்பைப் போட்டிகள் நடைபெற்றன. இந்தியக் குழுவில் ஆடிக்கொண்டிருந்த சச்சின் டெண்டுல்கரின் தந்தையார் ரமேஷ் டெண்டுல்கர், மே மாதத்தில் மும்பையில் காலமானார். அவர் மராத்தி மொழிப் பேராசிரியர், கவிஞர். சச்சின் உடனே தாயகம் திரும்பினார். அவர் இல்லாமலே லெஸ்டர் நகரில் ஜிம்பாப்வேயை எதிர்த்தாடிய இந்தியா 3 ஓட்டங்களில் தோற்றது. உலகக் கோப்பை ஆட்டமாயிற்றே என்று அவரை யாரும் தடுத்து நிறுத்தவில்லை. தந்தைக்குச் செய்யவேண்டியவற்றைச் செய்த பின், தாயாரின் விருப்பப்படி அவர் மீண்டும் இங்கிலாந்து சென்றார். மே 23ஆம் நாள் பிரிஸ்டல் நகரில் கென்யாவை எதிர்த்து 101 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 140 ஓட்டங்கள் எடுத்தார். நூறு ஓட்டங்களை எட்டியதும் வானை நோக்கி நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சதத்தைத் தந்தைக்கே காணிக்கையாக்கினார்.

சச்சின் சென்று திரும்பினார். விராட் கோலியோ செல்லுமுன்னே ஆடினார். 2006ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், டெல்லி பிரோஸ் ஷா கோட்லா ஆடரங்கில் டெல்லிக்கும் கர்நாடகத்துக்கும் ரஞ்சிக் கோப்பை ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பதினெட்டு வயதே நிரம்பியிருந்த கோலி 40 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் இரவு வீடு திரும்பினார். விடியுமுன் அவர் தந்தையார் பிரேம் கோலி மறைந்தார். காலையில் ஆடரங்குக்கு வந்த அவரிடம், வீட்டுக்குச் செல்லலாம் என்று குழுவினர் கூறினர். ஆடுவதென்று அவர் தாமே முடிவு செய்தார். 90 ஓட்டங்கள் எடுத்து, டெல்லிக்கு நேரவிருந்த ‘பாலோ ஆன்’ நெருக்கடி நீங்க உதவிவிட்டு, அதன்பின் தந்தையின் இறுதிச் சடங்குக்குச் சென்றார்.

இவ்விருவருள் யார் செய்தது சரி என்று நீங்கள் வினவலாம். இருவர் செய்ததும் சரியே. போ என்று துரத்துவதும், இரு என்று வற்புறுத்துவதும் குழுவின் வேலையல்ல. வழி இரண்டையும் திறந்து வைத்து, அவன் எதைத் தேர்ந்தாலும் அவனுக்குரிய இடம் குறையாது என்று உறுதி கூறுவதே குழு செய்யும் முதல் உதவி.

இந்த உதவி எத்துணைப் பெரியது என்பதை முகமது சிராஜின் வரலாற்றில் காணலாம். ஐதராபாத்தில் ஆட்டோ ரிக்‌ஷா ஓட்டிக் குடும்பத்தைக் காத்தவர் அவர் தந்தையார் முகமது கவுஸ். மகன் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆட்டம் ஆடவேண்டும் என்பது அவர் கனவு. 2020ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் அவர் காலமானபோது சிராஜ் ஆஸ்திரேலியாவில் இருந்தார். கொரோனா நோய் பரவிய காலம் அது. வெளிநாட்டிலிருந்து வருவோர் பதினான்கு நாள் தனித்திருக்கவேண்டும் என்பது அந்நாட்டு விதி. தாயகம் செல்ல விரும்பினால் அனுப்பி வைப்பதாகக் கிரிக்கெட் வாரியம் கூறியது. தந்தையின் கனவை நிறைவேற்று என்று தாயார் தொலைபேசியில் சொன்னார். சிராஜ் அங்கேயே தங்கிவிட்டார்.

டிசம்பர் 26ஆம் நாள் மெல்போர்ன் நகரில் அவர் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார். அடுத்துச் சிட்னியில் நாட்டுப் பண் ஒலித்தபோது அவர் கண்களில் நீர் பெருகியதை உலகமே கண்டது. அந்த ஆடரங்கிலேயே பார்வையாளர் சிலர் அவரை இழிசொற்களால் ஏசினர். அவர் அதை நடுவரிடம் முறையிட்டபோது குழுத்தலைவர் ரகானேயும் உடன் நின்றார். ஆட்டம் சிறிது நேரம் நிறுத்தப்பட்டு, பார்வையாளர் அறுவர் வெளியேற்றப்பட்டனர். துயருற்றவனுக்குத் தீங்கு நேரும்போது அருகில் நிற்பதும் ஆறுதலே என்பதற்கு இது சான்று.

இறுதியாகப் பிரிஸ்பேன் நகரில், இரண்டாம் இன்னிங்ஸில் 73 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டுகளை அவர் வீழ்த்தினார். காயத்தால் அந்த ஆட்டத்தில் ஆடாதிருந்த பும்ரா, எல்லைக்கோட்டருகே காத்திருந்து அவரை மார்போடு தழுவிக்கொண்டார். 2021 ஜனவரி 19ஆம் நாள் இந்தியா வெற்றி பெற்றது. ஐதராபாத்துக்குத் திரும்பிய சிராஜ், வீட்டுக்குச் செல்லுமுன் விமான நிலையத்திலிருந்து நேரே தந்தையின் கல்லறைக்குச் சென்றார். இரண்டு மாதங்களாக ஒத்திவைத்திருந்த அழுகையை அங்கேதான் இறக்கி வைக்க முடிந்தது போலும்!

எதிரணியினரும் இதில் பங்குகொள்ள முடியும். அமெரிக்காவில் அந்நாட்டுக்கே உரிய ஒருவகைக் கால்பந்து ஆடப்படுகிறது. அதில் புகழ்பெற்றவர் கிரீன் பே பாக்கர்ஸ் குழுவின் பிரெட் பார்வ். பள்ளி நாளில் அவருக்குப் பயிற்சியாளராயிருந்த தந்தையார் 2003 டிசம்பர் 21ஆம் நாள் இறந்தார். மறுநாளே ஓக்லாந்து நகரில் பார்வ் ஆடினார். எதிர்க்குழுவினரை ஏசிக் கூச்சலிடுவதில் பெயர்பெற்றவர்கள் அவ்வூர்ப் பார்வையாளர்கள். அவர்களே அன்று, தங்கள் குழு 41-க்கு 7 என்ற கணக்கில் தோற்றபோதும், பார்வுக்குக் கைதட்டி மரியாதை செய்தனர். வெற்றி தோல்விக்கு அப்பாலும் ஓர் உறவு ஆடுகளத்தில் உண்டு என்பதை அந்த ஒலி காட்டியது.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். நான் கூறிய கதைகளெல்லாம் வெற்றியில் முடிந்தவை. அதனாலேயே அவை நமக்கு நினைவிருக்கின்றன. அன்று சிராஜுக்கு ஒரு விக்கெட்டும் கிடைக்காமற் போயிருந்தால் அவருடைய அன்பு குறைந்ததாகிவிடுமா? ஆகாது. துயரத்தை ஓட்டங்களாலும் விக்கெட்டுகளாலும் அளக்க முடியாது. ஆட மனமில்லாமல் ஒரு பருவம் முழுதும் ஒதுங்கியிருப்பவனும் வீரனே. “அவர் ஆடவில்லையா, நீ மட்டும் ஏன் தயங்குகிறாய்?” என்று இக்கதைகளைக் காட்டி எவரையும் இடித்துரைக்காதீர்கள்.

அவ்வாறாயின், மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடியது யாது? நம் ஊர்களில் துக்கம் விசாரிக்கச் செல்வோரைப் பாருங்கள். அவர்கள் மிகுதியாகப் பேசுவதில்லை. சென்று அமர்கிறார்கள், இறந்தவரைப் பற்றி இரண்டு சொற்கள் சொல்கிறார்கள், விடைபெறும் சொல்லும் கூறாமல் எழுந்து செல்கிறார்கள். ஆனால் வந்திருந்தார்கள் என்பது அந்த வீட்டாருக்கு என்றும் மறப்பதில்லை. அந்த வழக்கத்தைத் திடலுக்கும் கொண்டு வாருங்கள். இயன்றால் குழுவாகச் சென்று தோழனின் வீட்டில் சிறிது நேரம் அமருங்கள். அவன் திரும்பி வரும் முதல் நாளில் அவன் தந்தையின் அல்லது தாயின் நினைவைத் தயங்காமல் பேசுங்கள். தவறவிட்ட பாடங்களை எழுதிக் கொடுங்கள். குழுவில் அவன் இடத்தை அவனுக்காகக் காத்து வையுங்கள். முதல் வாரத்தில் ஊரே வந்து ஆறுதல் சொல்லும்; மூன்றாம் மாதத்தில் ஒருவரும் வருவதில்லை. அப்போது கேட்கும் ஒரு கேள்விக்கு மதிப்பு மிகுதி. நாள்தோறும் எல்லைக்கோட்டருகே நின்று தன் ஆட்டத்தைப் பார்த்த பெற்றோரின் இடம் வெறுமையாக இருப்பதை அவன் காணும் முதல் போட்டி நாளில், நீங்கள் அவனருகில் இருங்கள்.

அந்தத் திருமண வீட்டில் என் தோழனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அதன்பின், “உன் அப்பா எப்படிப்பட்டவர்? சொல்” என்றேன். அவன் ஒரு மணி நேரம் பேசினான். பந்தி முடிந்து, இலை எடுத்து, கூடத்தில் விளக்கணைக்கும் வரையில் பேசினான். கல்லூரித் திடலில் அன்றே கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. நீங்கள் காலந்தாழ்த்த வேண்டாம்.